டிசம்பரில் வடக்கே போகிறீர்களா?

அரையாண்டு விடுமுறைக்கு மணாலி, சிம்லா, காசி என்று டிக்கெட் போட்டவர்கள் ஸ்வெட்டரும் குல்லாவும் எடுத்து வைப்பது மலையை நினைத்து. ஆனால் பயணத்தைக் குலைப்பது பெரும்பாலும் அமிர்தசரஸிலிருந்து டெல்லி, லக்னோ, காசி வரை நீளும் சமவெளிதான்.

மலையில் குளிர்காலம் சொல்லிவிட்டு வருகிறது. தீபாவளியை ஒட்டி வரும் பாய் தூஜ் அன்று கேதார்நாத் நடை சாத்தப்பட்டு, உற்சவர் உகிமடத்துக்கு இறங்கிவிடுவார். பத்ரிநாத் நவம்பர் பிற்பாதியில் மூடும். மணாலிக்கு மேலே, 13,050 அடி உயர ரோத்தங் கணவாயைப் பனி மூடினால் மாதக்கணக்கில் திறக்காது. 2020 அக்டோபரில் அதன் அடியில் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்தபின், லாகுல் பள்ளத்தாக்கு குளிர்காலம் முழுக்கத் துண்டிக்கப்படும் நிலை மாறிவிட்டது. இப்போதைய தொல்லை, சுரங்கத்தின் வாய்க்குப் போகும் சாலையில் உறையும் கண்ணாடிப் பனி. 2024 டிசம்பரில் அங்கே நூற்றுக்கணக்கான வண்டிகள் நகர முடியாமல் நின்றன. பனி கொட்டும் என்று எச்சரிக்கை வந்தால் மணாலியை அடுத்த சோலங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

மத்திய தரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் வானிலை அமைப்புகள்தாம் இமயத்தில் பனியையும் சமவெளியில் மழையையும் கொட்டுகின்றன. அவை கடந்ததும் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளியும். சுற்றுலாக்காரர் மகிழும் இந்த நேரத்தில்தான் வினை. நிலம் ஈரமாக இருக்கிறது, இரவோ நீளம், மேகம் இல்லாததால் தரையின் சூடு மேலே போய்விடுகிறது, காற்றும் அசைவதில்லை. ஈரப்பதம் தரையோடு தரையாக மூடுபனியாகிறது. புகையும் தூசும் அதை இன்னும் கெட்டியாக்குகின்றன. வெயிலே படாத அப்படிப்பட்ட நாட்களில், பகலில் அமிர்தசரஸைவிட சிம்லா கதகதப்பாக இருப்பதும் உண்டு!

பார்வைத் தூரம் 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர் மூடுபனி, 50 மீட்டருக்குக் கீழே போனால் மிக அடர்த்தி என்பது வானிலைத் துறையின் கணக்கு. டெல்லி விமான நிலையத்தில் 50 மீட்டர் தெரிந்தாலே தரையிறங்கக் கருவிகள் இருக்கின்றன. விமானத்திலும் அந்த வசதி வேண்டும், விமானிக்கும் பயிற்சி வேண்டும். புறப்படுவதற்கோ 125 மீட்டராவது தெரிய வேண்டும். வந்த விமானம் கிளம்ப முடியாமல் நிற்க, அதே விமானம் போக வேண்டிய ஊர்களிலெல்லாம் தாமதம் தொடரும். வெயில் கொளுத்தும் சென்னையில் பிற்பகல் விமானம் தாமதமாவதற்கு டெல்லியின் விடியற்காலை காரணமாக இருக்கலாம்.

ரயிலிலும் இதே கதை. சிக்னல் கண்ணில் படாததால், அது நெருங்குவதை உணர்த்தத் தண்டவாளத்தில் வெடிக்கும் பட்டாசு வைப்பது பழைய முறை. இப்போது லோகோ பைலட்டுக்கு ஜிபிஎஸ் கருவி தருகிறார்கள். அது இருந்தும் மூடுபனியில் அனுமதிக்கப்படும் உச்ச வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர்தான். 2,182 கிலோமீட்டர் ஓடும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்கள் ஆக்ராவுக்கு அப்பால் நேரத்தை இழக்கும். போகும் பெட்டிகளே திரும்பி வர வேண்டும் என்பதால், திரும்பும் வண்டியும் தாமதமாகக்கூடும்.

சாலை இன்னும் மோசம். 165 கிலோமீட்டர் யமுனா விரைவுச்சாலையில் டிசம்பர் நடுவிலிருந்து கார்களின் வேக வரம்பை 100-லிருந்து 75 ஆகக் குறைக்கிறார்கள். ஆனாலும் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் மோதும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. தாஜ்மகாலை விடியலில் பார்க்கும் ஆசையில் டெல்லியிலிருந்து அதிகாலையில் காரெடுப்பது வேண்டாத வேலை.

மூடுபனி டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் பாதியிலும்தான் உச்சம். தேதியை மாற்ற முடிந்தவர்கள் நவம்பர் கடைசியிலேயே போய்வரலாம். முடியாதவர்கள் நண்பகல் விமானமாகப் பாருங்கள். டெல்லியில் இறங்கும் நாளிலேயே அடுத்த வண்டியைப் பிடிக்கத் திட்டமிடாமல், நடுவில் ஓர் இரவு தங்குங்கள்.