மரக் காரும் ஈயக் கட்டியும்

அமெரிக்கச் சிறுவர் சாரணர்களின் ‘பைன்வுட் டெர்பி’ பந்தயம் 1953ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் தொடங்கியது. பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து பைன் மரக்கட்டையில் சிறு கார் ஒன்றைச் செய்கின்றனர். அதற்கு எஞ்சின் இல்லை. சரிவுப் பாதையில் புவியீர்ப்பே அதனை இழுக்கிறது.

வேகத்துக்கு மூன்று வழிகள் உண்டு: எடையை வழக்கமான உச்சவரம்பான 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராம் வரை நிறைத்தல், அவ்வெடையைப் பின்பக்கம் குவித்தல், அச்சாணிகளை மெருகேற்றிக் கிராஃபைட் தூள் இடுதல்.

எடை கூட்டுவதற்காகச் சிலர் ஈயத்தை நாடுவதே எங்கள் கவலை. ஈயத்தை அறுக்கும்போது எழும் தூசும், உருக்கும்போது எழும் புகையும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். குழந்தைகளுக்குத் தீங்கற்ற ஈய அளவு என எதுவும் அறியப்படவில்லை. மாற்றாக டங்ஸ்டன் கட்டிகளைப் பரிந்துரைக்கிறோம். டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தி மிக்கது. ஆகவே முழு எடையும் பின்பக்கத்துச் சிறு குழிக்குள் அடங்கிவிடும். இங்கே பாதுகாப்பான வழியே வேகமான வழியும் ஆகிறது.

அறுப்பதும் துளையிடுவதும் பெரியவர் பணியாகட்டும். உப்புத்தாள் தேய்ப்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். இருவரும் முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள்; பணி முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பிள்ளை ஏற்கெனவே ஈயத்தைக் கையாண்டிருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். எளிய இரத்தப் பரிசோதனையில் அதன் அளவு தெரிந்துவிடும்.