குப்பைக்குப் போகும் வேப்பங்கொட்டை

ஆனி பிறந்தால் நம் தாம்பரம் பக்கத்துச் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் தெருக்களில் செருப்பு பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். எல்லாம் வேப்பம்பழம். மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்து, பைக் சக்கரத்தில் நசுங்கி, ஈ மொய்த்துக் கிடக்கும். காலையில் தூய்மைப் பணியாளர்கள் கூட்டி அள்ளி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அதே தெருவாசிகள்தான் சாயங்காலம் நர்சரிக்குப் போய் மாடித்தோட்டத்துக்கு வேப்பெண்ணெய் பாட்டிலும் வேப்பம்புண்ணாக்குப் பொட்டலமும் விலை கொடுத்து வாங்கி வருகிறார்கள்.

வேம்பு என்றால் நமக்கு இலைதான். அம்மை கண்ட வீட்டு வாசலில் கொத்து, ஆடிக் கூழுக்குத் தோரணம், தலைக்கு ஊற்ற மஞ்சளும் இலையும் போட்ட வெந்நீர். சித்திரை முதல் நாள் பச்சடிக்கும், அப்புறம் ரசத்துக்கும் பூ. இவற்றை யாரும் மறக்கவில்லை. ஆனால் மரத்தின் உண்மையான சரக்கு கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் இருக்கிறது. கிராமங்களில் பெண்கள் வேப்பமுத்து பொறுக்கி வியாபாரியிடம் போட்டுக் கைச்செலவுக்குப் பணம் பார்த்த காலம் உண்டு. புறநகருக்குக் குடிவந்ததும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

கொட்டையின் மதிப்பை உலகம் தெரிந்துகொண்ட கதை சுவையானது. 1942-இல் வேதியியல் அறிஞர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலான கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை இறங்கி எல்லாப் பச்சையையும் தின்றுதீர்த்தபோது வேப்பமரங்கள் மட்டும் தப்பி நின்றதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் கவனித்தார். 1968-இல் கொட்டையிலிருந்து அசாடிராக்டின் பிரிக்கப்பட்டது. பூச்சியை இது உடனே கொல்வதில்லை. தின்ன விடாது, தின்றால் தோலுரித்து வளர விடாது. 1994-இல் வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்ப் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கின. சூழலியல் ஆர்வலர் வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வழக்காடினார்கள். இது இந்தியாவில் ஏற்கெனவே நடந்துவரும் வேலைதான் என்று நிரூபணமாகி, 2000-இல் காப்புரிமை ரத்தானது. 2005-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பத்தாண்டு போராடி மீட்ட கொட்டையைத்தான் நாம் குப்பை வண்டியில் ஏற்றுகிறோம்!

வயலுக்குப் போகும் யூரியாவுக்குக்கூட இன்று வேப்பெண்ணெய்ப் பூச்சு உண்டு. உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் 2015-இல் அதைக் கட்டாயமாக்கினார்கள். தழைச்சத்து மெல்ல மெல்லக் கரைந்து பயிருக்குப் போகும். மானிய யூரியாவை வேறு தொழிலுக்குக் கடத்துவதும் கடினம்.

மாடித்தோட்டக்காரர்கள் செய்ய வேண்டியது இதுதான். புதிதாக விழுந்த பழத்தைப் பொறுக்கி, வாளித் தண்ணீரில் பிசைந்து சதையைக் கழுவிவிட்டுக் கொட்டையை நிழலில் உலர்த்த வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டிப்போட்டால் பூசணம் பிடிக்கும். சாக்குப் பையோ துணிப் பையோ போதும். மூன்று மாதம் கழித்து எடுத்து ஓட்டை உடைத்தால் உள்ளே பச்சை நிறப் பருப்பு. கறுத்தவற்றைக் கழித்துவிடலாம். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து இரவு முழுக்க ஊறப்போட்டுப் பிழிந்தால் பால் மாதிரி வெள்ளையாக வரும். துளி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளிக்க வேண்டும், வெயில் பட்டால் வீரியம் போய்விடும். எட்டு மாதத்துக்கு மேல் பழைய கொட்டை பயன்படாது. ஆடியில் பொறுக்கியது ஐப்பசி முதல் பங்குனி வரை செம்பருத்தி, கத்தரிச் செடிகளுக்குக் கைகொடுக்கும்.

மருந்தாக உள்ளே சாப்பிடுவது வேறு சமாச்சாரம். இதில் நமக்கு அசட்டுத் துணிச்சல் அதிகம். சளிக்கு, பூச்சிக்கு என்று கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தானதை மலேசிய மருத்துவர்கள் 1981-இலேயே லான்செட் இதழில் எழுதியிருக்கிறார்கள். குழந்தைக்கு ஒரு சொட்டும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கொழுந்தை அரைத்துத் தினமும் விழுங்குவதையும் வைத்தியரிடம் சொல்லாமல் செய்யக் கூடாது.

கேட்பதற்கு ஆளில்லாத ஊரா நம்முடையது? 1928-இல் டாக்டர் சவுரிமுத்து பச்சைமலை அடிவாரத்தில் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம்தான் ரயில் நிலையத்துக்கே பெயர் தந்தது. அதன் பக்கத்திலேயே 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள அயோத்திதாச பண்டிதர் மருத்துவமனையில் சித்த வைத்தியரைப் பார்த்து விசாரித்துக்கொள்ளலாம். இன்னொன்று: காய்ச்சல் காலத்தில் தரும் குடிநீரில் உள்ள நிலவேம்பு ஒரு சிறு செடி. கசப்பைத் தவிர வேப்பமரத்தோடு அதற்கு உறவு கிடையாது. வேப்பிலையைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு நிலவேம்பு குடித்தேன் என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை.

சில வருடங்களாக மழைக்காலத்தையொட்டி வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகி, தீயில் வாட்டியதுபோல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொசு என்னும் பூச்சி கொழுந்தைக் குத்தி உறிஞ்ச, பூஞ்சையும் சேர்ந்துகொள்வதால் வருவது அது. மரம் பட்டுவிட்டது என்று அவசரப்பட்டு ஆள் வைத்து வெட்டிவிடுகிறார்கள், கார் நிறுத்த இடம் கிடைத்த சந்தோஷமும் அதில் உண்டு. பெரும்பாலான மரங்கள் மாசி, பங்குனியில் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. வெட்டுவதற்கு முன் பங்குனி வரை பொறுங்கள்.

பொறுக்கிய கொட்டையில் ஒரு கைப்பிடியை அன்றைக்கே மண்ணில் போடுங்கள். வேப்பங்கொட்டையின் முளைப்புத் திறன் சில வாரங்களில் போய்விடும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தால் முளைக்காது.