யாழ்ப்பாணம் அசரியாவுக்குக் கற்பித்தது: இளைஞரின் வெளிநாட்டு ஊழியப் பயணம் குறித்து

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு முதலிய ஊர்களின் நகரச் சபைகளிலிருந்து இளைஞர் சிலர் குறுகிய கால ஊழியப் பயணமாக வெளிநாடு சென்று வருவது இந்நாள்களில் புதுமையன்று. பத்து நாளோ இரண்டு வாரமோ தங்குகின்றனர். பாடுகின்றனர், சாட்சி பகர்கின்றனர், சிறுவரைக் கூட்டிக் கதை சொல்கின்றனர். திரும்பியதும் ஒரு ஞாயிறு ஆராதனையில் ஐந்து நிமிடம் பேச வாய்ப்பளிக்கப்படுகிறது. சபையார் மகிழ்ந்து ஸ்தோத்திரம் செலுத்துகின்றனர். காரியம் அத்துடன் முடிந்துவிடுகிறது. பயணத்துக்கு முன் காணிக்கை திரட்டவும் ஜெபிக்கவும் காட்டிய ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கேனும் திரும்பி வந்தவனுக்குச் செவிகொடுப்பதில் காட்டப்படுவதில்லை என்பதே என் கருத்து. இக்குறையின் பளுவை உணர நம் தமிழ்த் திருச்சபை வரலாற்றிலேயே ஒரு பயணம் உண்டு.

1902ஆம் ஆண்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர் அவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர். 1895 முதல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலராய் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார். முப்பது வயதை எட்டாத அவ்விளைஞர் வாலிபர் நடுவே ஊழியம் செய்பவராகவே அங்கு சென்றார். ஆனால் கொடுத்ததைக் காட்டிலும் பெற்றுக்கொண்டதே மிகுதியாயிற்று.

அங்கே அவர் கண்டது யாது? 1816 முதல் அமெரிக்க மிஷனெரிகளின் பணியால் உருவான யாழ்ப்பாணச் சபை அளவிற் சிறியது. எனினும் அச்சபையின் மாணவர்கள் தங்களுக்கென ஓர் அயல்நாட்டு மிஷனெரி சங்கத்தை அமைத்திருந்தனர். அவர்கள் தெரிந்துகொண்ட பணித்தளம் பாக்கு நீரிணைக்கு இப்பாலுள்ள தொண்டி. இராமநாதபுரக் கடற்கரைதான் அவர்களுக்கு அயல்நாடு! நாம் அக்கரை என எண்ணிய இடத்திலிருந்தோர் நம்மையே அக்கரையாகக் கண்டு, தம் பொருளைச் செலவிட்டு நமக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தனர். திருநெல்வேலிச் சபையோ அவர்களினும் பன்மடங்கு பெரியது. குருமாரும் பள்ளிகளும் நிறைந்தது. அத்தகைய சபையின் மகனுக்கு இக்காட்சி ஒரு கேள்வியாக நின்றது.

அக்கேள்வியை அவர் தம்முள் புதைத்துவிடவில்லை. ஊர் திரும்பி அதைத் தம் சபையாரிடம் வைத்தார். சபையாரும் கேட்டனர். இதுவே நாம் ஊன்றி நோக்கவேண்டிய இடம். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அச்சங்கம் ஏற்ற தளமாகிய தோர்ணக்கல் நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. மொழி தெலுங்கு; ஆட்சி வேறு; உணவும் வழக்கமும் வேறு. திருநெல்வேலியாருக்கு அது அயல்நாடே. 1905 டிசம்பர் 25இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் நிறுவப்பட்டது. சேலத்தில் பிறந்த கே. டி. பால் அதன் தொடக்க ஆண்டுகளில் பொறுப்பேற்று உழைத்தார். நம் கொங்குப் பகுதியின் ஓமலூர் வட்டாரமும் அதன் பணித்தளங்களுள் ஒன்றாயிற்று. யாழ்ப்பாணத்து மாணவர் சிலரின் முயற்சி எவ்வழியாகவெல்லாம் பரவி நம் வாசலுக்கு வந்தது, பாருங்கள்!

அசரியாவோ பிறரை அனுப்பியதோடு நின்றுவிடவில்லை. 1909இல் சங்கப் பதவியை விட்டு, திருப்பணி அபிஷேகம் பெற்று, முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்கலானவராய்த் தோர்ணக்கல் சென்றார். யாழ்ப்பாணத்தில் விழுந்த வித்து அவர் வாழ்விலேயே முழுப்பயன் தர ஏழாண்டுகள் சென்றன. ஞாயிறன்று ஐந்து நிமிடச் சாட்சியைக் கொண்டு ஒரு பயணத்தின் பயனை அளந்துவிட இயலுமா?

மற்றொன்றும் இங்கே கூறவேண்டும். 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை பலருக்குக் கசப்பாயிருந்தது. மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை மறுக்காமலே, இந்தியச் சபை அவர்களிடம் வேண்டுவது நட்பு என்று அவர் வெளிப்படையாய்க் கேட்டார். ஒரே பந்தியில் அமராமலும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் செல்லாமலும் கொடுப்பவர், பெறுபவர் என்றே உறவு நின்றதை அவர் கண்டிருந்தார். அன்று அக்கண்டனம் மேல்நாட்டாரை நோக்கியது. இன்று பரிசுப்பொதிகளோடும் புகைப்படக் கருவியோடும் ஏழைநாட்டுச் சபைக்குள் நுழையும் நம் இளைஞரை நோக்கியும் அது திரும்பக்கூடும். பேதுரு கொர்நேலியுவின் வீட்டில் பிரசங்கித்ததோடு எழுந்துவிடவில்லை; சில நாள் தங்கினான். எருசலேமில் அவன்மேல் வந்த குற்றச்சாட்டும் அவர்களோடு உண்டதைப் பற்றியதே (அப். 11:3).

இளைஞர் அனைவரும் அசரியாக்கள் அல்லர். யோவான் மாற்கு சீப்புருதீவுவரை ஊழியக்காரனாய்ச் சென்று, பெர்கேயில் விட்டுத் திரும்பினான். அவனைக் குறித்துப் பவுலும் பர்னபாவும் பிரிந்தனர். பர்னபா மறுபடியும் அவனை அழைத்துச் சென்றதனால்தான் பிற்காலத்தில் பவுலே அவனைப் பயனுள்ளவன் என அழைத்தனுப்ப நேர்ந்தது. சோர்ந்து திரும்பும் இளைஞனின் உண்மையைக் கேட்க நம் ஆலயங்களில் இடமில்லை. வெற்றிச் சாட்சிக்கு மட்டுமே இடமுண்டு. எனவே அவனும் வெற்றியையே சொல்லப் பழகிக்கொள்கிறான்.

1830இல் ஆடிஸ் என்னும் இலண்டன் மிஷன் ஊழியர் கோயம்புத்தூருக்கு வந்து பணி தொடங்கினார். நம்மைத் தேடிக் கடல் கடந்து வந்தவரால் நாம் சபையானோம். இன்று ஒடிசா, ஜார்கண்ட், பீகார் முதலிய மாநிலத்தார் திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளையும் கோவை வார்ப்படச் சாலைகளையும் நாடி வருகின்றனர். அவருள் கிறிஸ்தவரும் உளர். வெளிநாடு சென்று அயல்மொழியாரோடு இரண்டு வாரம் பழகிவந்த இளைஞன் ஞாயிறு மாலையில் தன் தெருவில் நடந்துசெல்லும் இவர்களை அடையாளம் காண்கின்றானா? காண்பானாகில் அவனது பயணம் பழுதாகவில்லை.

ஆயர்கள் செய்யத்தக்கது அரிதன்று. பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பியபோது சபையைக் கூட்டி அறிவித்தனர், பின் சீஷரோடு நெடுநாள் தங்கினர் (அப். 14:27, 28). அவ்வாறே திரும்பி வந்தவரைச் சேகரக் குழுவின்முன் ஒரு மணி நேரம் அமரச்செய்து, யார் வீட்டில் உண்டாய், அச்சபை தன் ஊழியத்தை எப்படி நடத்துகிறது, நம்மிடம் இல்லாத எதை அங்குக் கண்டாய் என்று வினவலாம். விடைகளைக் குழுவின் குறிப்பேட்டில் பதிந்து, ஆறு திங்கள் கழித்து அவனையே மறுபடியும் அழைத்து அக்குறிப்பைப் படித்துக் காட்டலாம்.