ஒரு துளி இரத்தமும் ஒளிரும் மூலக்கூறும்

நோயாளியைப் பார்க்கப் போகின்றவர் வெறுங்கையோடு போவதில்லை. இரண்டு செவ்விளநீரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டு போவது எமது பகுதியின் வழக்கம். அன்பினால் செய்யும் காரியந்தான். ஆனால், படுத்திருப்பவரின் சிறுநீரகம் பழுதடைந்திருந்தால் அந்த அன்பளிப்பே அவருக்கு ஆபத்தாகலாம்.

செவ்விளநீரிலும் வாழைப்பழத்திலும் பொற்றாசியம் என்னும் உப்புச்சத்து மிகுதியாக உண்டு. நல்ல சிறுநீரகம் மேலதிகமானதைச் சிறுநீருடன் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. இரத்தத்தில் லீற்றருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொற்றாசியம், 6, 7 என உயருமானால் இதயத் துடிப்புத் தடுமாறும், நின்றும் போகலாம்.

மாத்தளை மாவட்டத்தில் இது வெறும் ஏட்டுச் செய்தியல்ல. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் தெளிவாக நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், எமது மாவட்டத்தின் வில்கமுவப் பகுதியிலும் விவசாயக் குடும்பங்களைப் பாதித்துள்ளது.

இரத்தத்திலுள்ள பொற்றாசியத்தைக் கண்ணால் காண முடியாது. அதை அளக்கப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, ஒளிரும் சேதன மூலக்கூறுகளைக் கொண்டு அளப்பது. அந்த முறையின் கதையில் எமது நாட்டுக்கும் பங்குண்டு.

ஒளிர்தல் என்றால் என்ன?

காசுத் தாள்களைச் சோதிப்பதற்குக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கின் அருகே வெள்ளைச் சட்டையுடன் நின்றால், சட்டை நீலவெள்ளையாகப் பளிச்சிடுவதைக் கண்டிருப்பீர்கள். சலவைத் தூளில் சேர்க்கப்படும் ஒருவகைச் சேதனப் பொருளே அதற்குக் காரணம். மஞ்சளை மதுசாரத்தில் கரைத்து அதே விளக்கின் கீழ் பிடித்தால், அதுவும் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒளிரும். இத்தகைய மூலக்கூறுகள், எமது கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகின்றன. விளக்கை அணைத்தால் இந்த ஒளியும் உடனே மறைந்துவிடும்.

அப்படியானால், குறிப்பிட்ட ஒரு பொருள் வந்து சேர்ந்தால் மட்டும் ஒளிரும்படி ஒரு மூலக்கூறை அமைக்க முடியுமா? முடிந்தால், அது சேதி சொல்லும் விளக்காகிவிடும் அல்லவா?

விளக்கு, காம்பு, கை

1980களில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரசாயனவியலாளர் ஏ. பிரசன்ன டி சில்வா இதில் முன்னோடிகளுள் ஒருவர். அமிலம் சேர்ந்தால் ஒளிரும் மூலக்கூறுகள் பற்றி 1985 இலும், சோடியம், பொற்றாசியம் போன்றவற்றின் அயன்களைப் பிடித்தால் ஒளிரும் மூலக்கூறு பற்றி 1986 இலும் அவரும் உடனாய்வாளர்களும் கொழும்பிலிருந்து எழுதினர். பின்னர் அவர் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வை வளர்த்தெடுத்தார்.

இம்மூலக்கூறுக்கு மூன்று பகுதிகள் உண்டு. ஒன்று, ஒளிரும் பகுதி; அதை விளக்கு என்போம். இன்னொன்று, அயனைப் பிடிக்கும் பகுதி, அது கை. இரண்டையும் இணைப்பது ஒரு சிறு காம்பு. கை வெறுமையாக இருக்கும்போது, ஒளிபட்டு உசுப்பப்பட்ட விளக்கை நோக்கி அதிலிருந்து ஓர் இலத்திரன் தாவும். அதனால் விளக்கின் சக்தி ஒளியாக வெளிவராமல் வீணாகிவிடும். அயன் வந்து கைக்குள் அமர்ந்ததும் அந்த இலத்திரன் அதனால் கட்டுண்டுவிடும், தாவ இயலாது. விளக்கு ஒளிரும். சும்மா இருக்கும் கை விளக்கை அணைக்கிறது. வேலை கிடைத்த கை அதை விட்டுவிடுகிறது என்று சொல்லலாம்.

கையின் அளவே இங்கு முக்கியம். இரத்தத்தில் சோடியம் பொற்றாசியத்தைவிட ஏறத்தாழ முப்பது மடங்கு அதிகம். அந்தக் கூட்டத்தினுள் பொற்றாசியத்தை மட்டும் தெரிந்தெடுக்க, அதற்கேற்ற அளவில் கையை வடிவமைக்க வேண்டும். தண்ணீரில் இதைத் திறம்படச் செய்யும் மூலக்கூறு ஒன்று 2003 இல் வெளியிடப்பட்டது. இதே தத்துவத்தில் இயங்கும் சிறு கருவிகள் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்துள்ளன. சில துளி இரத்தம் போதும். சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றின் அளவை ஓரிரு நிமிடங்களில் சொல்லிவிடும்.

செபமாலையைப் போல

ஒளிரும் மூலக்கூறுகளைச் செபமாலை மணிகளாகக் கோத்தால் கிடைப்பது ஒளிரும் பல்பகுதியம். உறிஞ்சிய சக்தி அந்த மாலை வழியே ஓடும். ஒரு மணியில் அந்நியப் பொருள் ஒட்டினாலும், அங்கே ஓடிவரும் சக்தி அணைந்துவிடுவதால் பல மணிகளின் ஒளி மங்கிவிடும். ஆகவே மிகச் சொற்பமான பொருளையும் கண்டுபிடிக்கலாம். மிதிவெடிகளில் நிரப்பப்படும் டீ.என்.டீ. வெடிமருந்தின் ஆவியை இவ்வாறு உணரும் பல்பகுதியப் படலத்தை 1998 இல் அமெரிக்க ஆய்வாளர் திமத்தி சுவேகரின் குழு வெளியிட்டது. மிதிவெடியால் கால் இழந்தோரைக் கண்ட நாட்டினருக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

நாம் செய்யக் கூடியது

இத்தகைய கருவி எமது ஊர் வைத்தியசாலையில் இல்லாதிருக்கலாம். அதனால் கவலையில்லை, வேறு முறைகளாலும் பொற்றாசியத்தை அளக்கிறார்கள். அளவிடுதல்தான் முக்கியம். சிறுநீரக நோயாளர் சிகிச்சை நாளைத் தவறவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பொற்றாசியம் எவ்வளவு என்று வைத்தியரிடம் கேட்டு, அந்தத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும். செவ்விளநீர், வாழைப்பழம், கீரை ஆகியவற்றில் எதை, எவ்வளவு உண்ணலாம் என்பதையும் அவரிடமே கேட்டறிய வேண்டும்.

அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் புறப்படும்போது, எதைக் கொண்டு வரலாம் என்று வீட்டாரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்போம். அதுவும் அன்புதான்.