விமானத்துக்கும் ஹேண்ட் பிரேக் உண்டா? வீட்டிலேயே விமானம் கட்டுபவர்கள் பார்க்கிங் பிரேக்கை எப்படிப் பொருத்துகிறார்கள்?

1997-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒஹையோ மாகாணம், அர்பானா. ஏரோன்கா சாம்ப் என்ற பழைய சிறிய விமானத்தின் விமானி கீழே இறங்கி, புரொப்பல்லரைக் கையால் சுற்றி இன்ஜினை ஸ்டார்ட் செய்கிறார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனால் விமானம் நிற்கவில்லை. உள்ளே ஆளே இல்லாமல் உருண்டு, ஓடி, மேலே ஏறியும்விட்டது! சுமார் 2 மணி நேரம் தானாகவே பறந்து, கடைசியில் ஒரு வயல்வெளியில் விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சிறிய விமானம் வைத்திருப்பவர்களுக்கு இது பயம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது விமானத்தைத் தரையில் பிடித்து வைப்பது அவ்வளவு எளிதில்லை. அதனால்தான் சொந்தமாக விமானம் கட்டுபவர்களில் பலர் அதில் ஒரு பார்க்கிங் பிரேக்கையும் சேர்க்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது? அதை எவ்வளவு நம்பலாம்?

வீட்டிலேயே விமானம் கட்ட முடியுமா?

முடியும். அமெரிக்காவில் இது பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. இப்படி விமானம் கட்டுபவர்களுக்காக இஏஏ என்ற அமைப்பு 1953-லேயே தொடங்கப்பட்டது. ஓரிகன் மாகாணத்தைச் சேர்ந்த வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் ‘ஆர்வி’ வரிசை விமானங்களைக் கிட்டாக, அதாவது உதிரி பாகங்களாக விற்கிறது. வாங்குபவர்கள் வீட்டு கராஜிலோ ஹேங்கரிலோ வைத்து மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட உட்கார்ந்து கட்டுகிறார்கள். இப்படிக் கட்டி முடித்துப் பறந்த ஆர்வி விமானங்கள் மட்டும் 10,000-க்கும் மேல்.

இதற்கு அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ வைத்திருக்கும் முக்கிய நிபந்தனை, கட்டுமான வேலையில் பாதிக்கும் மேல் அமெச்சூர்கள் தங்கள் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும் என்பது. எந்தப் பாகத்தைச் சேர்ப்பது என்பதில் கட்டுபவருக்கு நிறைய சுதந்திரம் உண்டு. பல கிட்களில் பார்க்கிங் பிரேக் அடிப்படைப் பாகமாக வராது. வேண்டுமானால் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

முதலில், விமானத்தில் பிரேக் எங்கே இருக்கிறது?

சிறிய விமானத்தில் இறக்கைக்குக் கீழே இருக்கும் இரண்டு முக்கிய சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். மூக்குச் சக்கரத்துக்கோ வால் சக்கரத்துக்கோ கிடையாது.

விமானியின் காலடியில் இரண்டு பெடல்கள் இருக்கும். பெடலை முழுசாகத் தள்ளினால் வாலில் இருக்கும் ரட்டர் திரும்பும். பெடலின் மேல் பகுதியைக் கால்விரலால் அழுத்தினால் பிரேக். இடது பெடலுக்கு இடது சக்கரம், வலது பெடலுக்கு வலது சக்கரம். இரண்டும் தனித்தனி. பல சிறிய விமானங்களில் மூக்குச் சக்கரம் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி தன்னிஷ்டத்துக்குத் திரும்பக்கூடியது. அதனால் தரையில் மெதுவாக ஓட்டும்போது விமானத்தைத் திருப்புவதற்கும் இந்தப் பிரேக்தான் உதவுகிறது.

வேலை செய்யும் விதம் பைக்கின் டிஸ்க் பிரேக் போலத்தான். பெடலை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் ஆயில் குழாய் வழியாகப் போய் சக்கரத்தில் இருக்கும் காலிப்பரைத் தள்ளும். காலிப்பர் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும். காலை எடுத்தால் ஆயில் திரும்பி வந்துவிடும், சக்கரம் விடுபடும்.

பார்க்கிங் பிரேக் என்ன செய்கிறது?

ஆயில் திரும்பி வரும் வழியை அடைக்கிறது. அவ்ளோதான்!

பல கார்களில் ஹேண்ட் பிரேக்குக்குத் தனி கேபிள் உண்டு. அது பின் சக்கரங்களை நேரடியாக இழுத்துப் பிடிக்கும். ஹோம்பில்ட் விமானத்தில் பொதுவாகப் பொருத்துவது ஒரு சிறிய அலுமினிய வால்வ். உள்ளங்கையில் அடங்கிவிடும். இடது, வலது இரண்டு குழாய்களும் அதன் வழியாகப் போகும். நாபை இழுத்தால் வால்வ் ஒருவழிப் பாதை ஆகிவிடும். ஆயில் சக்கரத்தை நோக்கிப் போகலாம், திரும்பி வர முடியாது. பெடலை ஒருமுறை நன்றாக அழுத்தினால் அந்த அழுத்தம் அப்படியே சிறைப்பட்டு நிற்கும். காலை எடுத்தாலும் சக்கரம் பூட்டியே இருக்கும்.

பறப்பதற்கு முன் இன்ஜினை வேகமாக ஓட்டிச் சோதிக்கும்போது கண்கள் மீட்டர்களில் இருக்கும். கால் கொஞ்சம் தளர்ந்தாலும் விமானம் நகர ஆரம்பிக்கும். சரிவான இடத்தில் பெட்ரோல் போட நிறுத்தினால், தனியாக வந்த விமானி இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கும் வரை விமானம் நிற்க வேண்டும். பார்க்கிங் பிரேக் கைகொடுப்பது இந்த மாதிரி நேரத்தில்தான்.

பொருத்துவது எப்படி?

இடம்: மாஸ்டர் சிலிண்டருக்கும் சக்கரத்துக்கும் நடுவே. இரண்டு இருக்கைகளிலும் பிரேக் பெடல் இருந்தால், இரண்டு பேரின் சிலிண்டர்களையும் தாண்டிய பிறகுதான் வால்வ் வர வேண்டும். எந்தப் பக்கம் சிலிண்டர், எந்தப் பக்கம் சக்கரம் என்பது மாறிவிடக் கூடாது. மாறினால் பிரேக் பிடித்து நிற்காது.

குழாய் இணைப்பு: விமானக் குழாய்களின் விரிந்த முனை 37 டிகிரி கோணத்தில் இருக்கும். வாகனங்களில் வழக்கமாக 45 டிகிரி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் சேராது. மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றுவதை அனுபவசாலிகள் தவிர்ப்பார்கள். டேப் துணுக்கு ஒன்று உள்ளே போய் வால்வில் சிக்கினால் ஆபத்து. திரவ சீலன்ட்தான் பாதுகாப்பு. அதற்காக ரொம்ப முறுக்கினால் அலுமினிய உடல் விரிசல் விடும்.

ஆயில்: இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். சிறிய விமானங்களில் பயன்படுவது 5606 என்று அழைக்கப்படும் சிவப்பு நிறக் கனிம எண்ணெய். கார் கடையில் கிடைக்கும் ‘டாட்’ வகை பிரேக் ஆயிலை அதில் ஊற்றினால், உள்ளே இருக்கும் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகள் கெட்டுப்போய் கசிவு வரும்.

கேபிள்: நாபிலிருந்து வால்வுக்குப் போகும் கேபிள் அறுந்துபோனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அறுந்தாலும் வால்வ் ‘ஆஃப்’ நிலைக்கே போகிற மாதிரி ஸ்பிரிங் வைப்பது நல்லது. நாபை உள்ளே தள்ளும்போது வால்வின் கைப்பிடி பாதியில் நிற்காமல், கடைசி வரை போக வேண்டும். நாப் இருக்கும் இடமும் முக்கியம். பக்கத்தில் ஹீட்டர் நாபும் அதே வடிவத்தில் இருந்தால், அவசரத்தில் கை மாறிவிடும்.

காற்றை வெளியேற்றுவது: ஆயிலைக் கீழிருந்து, அதாவது காலிப்பரிலிருந்து மேல்நோக்கி பம்ப் செய்வது வழக்கம். காற்றுக் குமிழ்கள் இயல்பாகவே மேலே ஏறி வெளியேறிவிடும். அப்போது வால்வ் திறந்திருக்க வேண்டும். காற்று மிச்சம் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.

சோதனை: பிரேக்கைப் போட்டுவிட்டு விமானத்தைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். சில மணி நேரம் விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் இருக்கிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். பிறகு பிரேக்கை எடுத்து, இரண்டு சக்கரங்களும் முழுசாக விடுபடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை மட்டும் மறக்கவே கூடாது. ஏன்?

பிரேக்கே ஆபத்தாக மாறுவது எப்போது?

விமானம் பறந்துகொண்டிருக்கும்போது நாப் தவறுதலாக இழுபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாரும் பெடலை அழுத்தாத வரை எதுவும் தெரியாது. தரையிறங்கும்போதும் சக்கரம் ஒழுங்காகவே உருளும். வேகத்தைக் குறைக்க விமானி பெடலை முதல்முறை மிதிக்கிறார். அந்த நொடியில் அழுத்தம் சிறைப்பட்டுவிடும். காலை எடுத்தாலும் பிரேக் விடாது!

டயர் வெடிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் விமானம் ஓடுபாதையை விட்டே விலகலாம். வால் சக்கர விமானமாக இருந்தால் மூக்கு குத்திக் கவிழவும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இடது, வலது பிரேக்குகள் தனித்தனியாக இருப்பதன் பலனே, ஒன்றில் கசிந்தாலும் மற்றொன்று மிஞ்சும் என்பதுதான். வால்வ் வந்த பிறகு இரண்டு குழாய்களும் ஒரே உலோகத் துண்டின் வழியாகப் போகின்றன. அந்த ஒரு இடத்தில் கோளாறு வந்தால் இரண்டுமே பாதிக்கப்படலாம்.

அதனால்தான் தரையிறங்கும் முன் படிக்கும் செக்லிஸ்ட்டில் ‘பார்க்கிங் பிரேக் ஆஃப்’ என்ற வரியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வால்வ் பொருத்தும் நாளிலேயே இந்த வரியையும் எழுதிவிட வேண்டும்.

அப்போ இரவு முழுக்க இதை நம்பி நிறுத்தலாமா?

கூடாது. சிறைப்பட்டிருப்பது வெறும் ஆயில் அழுத்தம். வெயில் ஏறினால் ஆயில் விரிந்து அழுத்தம் கூடும். குளிர்ந்தால் அழுத்தம் குறைந்து பிடி தளரும். ஓ-ரிங்கில் மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் காலையில் பிரேக் இருக்காது. கார் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போவது போல இதைப் போட்டுவிட்டுப் போக முடியாது.

ஆர்வி-7 விமானத்தின் அதிகபட்ச எடையே சுமார் 816 கிலோதான். நம்ம ஊர் சின்ன கார் அளவு எடை. அதோடு பெரிய இறக்கையும் இருப்பதால், பலமான காற்று அடித்தாலே நகர்ந்துவிடும். நிறுத்திவிட்டுப் போவதென்றால் சக்கரத்துக்குக் கட்டை, இறக்கைக்கும் வாலுக்கும் கயிறு. புரொப்பல்லரைக் கையால் சுற்றுவதாக இருந்தால் கட்டையும் கயிறும் போதாது, உள்ளே பயிற்சி பெற்ற ஒருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பார்க்கிங் பிரேக் என்பது விமானி இறங்கிப் போய் அந்தக் கட்டையை வைக்கும் வரைக்கும்தான். கட்டை வைத்த பிறகு அதன் வேலை முடிந்தது.