எப்-1 வீரர் டிரக் ஓட்டினார்!

கூரத்துக்காரர்கள் காஞ்சிபுரம் வந்து சென்னை பஸ் ஏறினால், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தய மைதானம். கோவை நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் இறங்கியது இந்த வட்டாரத்தில்தான்.

2005-ல் பார்முலா-1 ஓட்டிய முதல் இந்தியர். அப்புறம் அங்கே 'சீட்' இல்லை. சும்மா இருப்பாரா மனுஷன்? 2010-ல் அமெரிக்கா போய் 'நாஸ்கார்' டிரக் பந்தயத்தில் குதித்தார்!

2010-ல் பார்முலா-1 கார், ஓட்டுபவரோடு சேர்த்தே 600 கிலோ சொச்சம்தான் இருந்தது. டிரக்கோ ஒன்றரை டன்! பிரேக் போட்டால் லேசில் அடங்காது. முட்டுவது, உரசுவது அங்கே சகஜம். பார்முலாவில் உரசினால் சக்கரமே கழன்றுவிடும்.

மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயம், 13-வது இடம். (புதுசாக வந்தவருக்கு இது பெரிசுதான்!) அந்த ஆண்டு ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு, 'மக்கள் அபிமான வீரர்' விருதை அவருக்கே கொடுத்தார்கள்!

2011-ல் மறுபடி பார்முலா-1-க்கே திரும்பினார்.