மணப்பாறை டாக்டர் டென்மார்க் போனால் எதைப் பார்த்துவிட்டு வர வேண்டும்?

வையம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் 62 வயது விவசாயி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடமாக சுகர், ஐந்து வருடமாக பிரஷர். மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. மகன் பெங்களூருவில் ஐ.டி. வேலையில். ஒருநாள் போனில், "கால்ல ஒரு புண்ணுப்பா, ஆறவே மாட்டேங்குது" என்கிறார் அப்பா. மகன் உடனே ஒரு ஆப்பில் பணம் கட்டி, வீடியோ காலில் டாக்டரைப் பிடித்துக் கொடுக்கிறார். டாக்டர் பார்க்கிறார், ஒரு களிம்பு எழுதுகிறார், "இதை நேர்லயும் காட்டிடுங்க" என்கிறார். கால் கட்.

யாரிடம் காட்டுவது? மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலருக்குப் புண் இருப்பது தெரியாது. மணப்பாறை அரசு மருத்துவமனை டாக்டருக்கு வீடியோ கால் நடந்தது தெரியாது. அங்கிருந்து 40 கி.மீ. தள்ளி திருச்சி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால், அங்கே இருப்பவருக்கு இந்த இரண்டுமே தெரியாது. நாலு இடத்துச் சீட்டுகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுச் சுமப்பவர் நோயாளி மட்டும்தான். அவர் ஒரு சீட்டைத் தொலைத்தால் அந்தக் கதை அதோடு முடிந்தது.

'ஒருங்கிணைந்த பராமரிப்பில் டெலிமெடிசின்' என்ற தலைப்பில் மருத்துவர்களை வெளிநாட்டு ஆய்வுப் பயணங்களுக்கு அனுப்புவது உலகம் முழுக்க நடக்கிறது. ஒரு வாரம், இரண்டு வாரம் போய், ஆஸ்பத்திரிகளைச் சுற்றிப் பார்த்து, அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுத் திரும்புவார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ பெரிய தொழில்நுட்ப விஷயம் மாதிரி இருக்கும். உண்மையில் அவர்கள் விடை தேடிப் போவது அந்த மஞ்சப்பைச் சிக்கலுக்குத்தான்.

அப்படியென்றால் ஒருங்கிணைந்த பராமரிப்பு என்றால் என்ன?

ஒரு நோயாளியை வீட்டில் பார்ப்பவர், ஊர் டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி நிபுணர், மருந்து கொடுப்பவர், ஆம்புலன்ஸ் ஆகிய எல்லோரும் ஒரே திட்டத்தின் கீழ், ஒரே பதிவைப் பார்த்து வேலை செய்வது. அவ்வளவுதான். டெலிமெடிசின் அதில் ஒரு கம்பி மட்டுமே. கம்பியின் இரண்டு முனையிலும் பொறுப்பான ஆள் இல்லையென்றால், எவ்வளவு துல்லியமான வீடியோ வந்தாலும் பலனில்லை.

டென்மார்க்கில் என்ன விசேஷம்?

இந்த மாதிரிப் பயணங்களில் அடிக்கடி அடிபடும் பெயர் டென்மார்க். மக்கள்தொகை சுமார் 60 லட்சம். 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாவட்டத்தில் மட்டும் 27 லட்சம் பேர் இருந்தார்கள் என்பதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளலாம். 1968 முதலே அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாள எண் உண்டு. தன் மருத்துவ விவரங்களைக் குடிமக்களே பார்க்கும் தேசிய இணையதளம் 2003இல் வந்துவிட்டது.

அங்கே வடக்கு யூட்லாந்து பகுதியில், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்காக 'டெலிகேர் நார்த்' என்ற திட்டம் நடந்தது. 1,225 நோயாளிகளை வைத்து அதைச் சோதித்தார்கள். ஒரு டேப்லெட், ரத்த ஆக்சிஜன் பார்க்கும் கருவி, பிரஷர் மெஷின், எடை மெஷின். நோயாளி வீட்டிலேயே அளந்து அனுப்புவார். கருவிகளில் அதிசயம் எதுவும் இல்லை. இன்று நம்மூர் மெடிக்கல் ஷாப்பிலேயே வாங்கலாம். கவனிக்க வேண்டியது, அந்த எண்களைப் பார்ப்பது யார் என்பதை. உள்ளாட்சி அமைப்பின் செவிலியர் பார்க்கிறார். எண் சரியில்லை என்றால் அவரே கூப்பிட்டுப் பேசுகிறார், தேவைப்பட்டால் குடும்ப மருத்துவரிடம் கொண்டுபோகிறார். ஆஸ்பத்திரி, உள்ளாட்சி, குடும்ப மருத்துவர் மூவரும் யார் எதற்குப் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்கள்.

அப்படிச் செய்தும், எல்லா நோயாளிகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது செலவுக்கேற்ற பலன் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. நோய் தீவிரமாக இருந்தவர்களிடம்தான் செலவுக்கேற்ற பலன் இருக்கலாம் என்று தெரிந்தது.

இங்கிலாந்து தரும் எச்சரிக்கை

மின்னணுக் கருவி விற்கும் கம்பெனிகள் இந்தக் கதையில் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். 2008இல் தொடங்கிய பெரிய பரிசோதனை அது. கார்ன்வால், கென்ட், லண்டனின் நியூஹாம் ஆகிய மூன்று இடங்களில் 179 மருத்துவர் நிலையங்கள் பங்கேற்றன. சர்க்கரை, இதயச் செயலிழப்பு, நுரையீரல் அடைப்பு உள்ள 3,230 பேரை ஓராண்டு பார்த்ததில், வீட்டில் கருவி பொருத்தப்பட்டவர்களில் 4.6 சதவீதம் பேரும், பொருத்தப்படாதவர்களில் 8.3 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். கேட்டதும் உடனே வாங்கத் தோன்றும்.

இரண்டாம் பாதி பின்னால் வந்தது. தரமான ஓர் ஆண்டு வாழ்வைக் கூட்ட ஆகும் செலவு சுமார் 92,000 பவுண்டு என்று கணக்கு சொன்னது. அந்நாட்டில் வழக்கமாக ஏற்கும் வரம்பு 20,000 முதல் 30,000 பவுண்டு. நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்திலும் மனநிலையிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. கருவி தனியாகவும் மருத்துவம் தனியாகவும் ஓடினால் செலவு இரட்டிப்பாகும் என்பதைப் பணம் கட்டித் தெரிந்துகொண்ட நாடு அது. ஆய்வுப் பயணத்துக்கு ஒரு நாள் மட்டும் கிடைத்தால், பளபளப்பான டென்மார்க்கைவிட இந்தக் கணக்கைப் போட்டவர்களிடம் உட்கார்ந்து பேசுவது உபயோகம்.

எஸ்டோனியா இன்னொரு வழியில் போனது. 13 லட்சம் பேர் கொண்ட குட்டி நாடு. 2008இல் தேசிய மருத்துவப் பதிவு, 2010இல் மின் மருந்துச்சீட்டு. அங்கே குடும்ப மருத்துவர் சந்தேகம் வந்தால், நோயாளியை அலையவிடாமல், பதிவை இணைத்து நிபுணருக்கே ஆன்லைனில் கேள்வி அனுப்புகிறார். டாக்டருக்கும் டாக்டருக்கும் இடையிலான டெலிமெடிசின் இது. நோயாளியின் மொபைல், சிக்னல், சார்ஜ் எதுவும் தேவையில்லை.

விசா வேண்டாத இடம்: சூணாம்பேடு

வெளிநாடு போகும் மருத்துவர் முதலில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் சூணாம்பேட்டைப் பற்றிப் படித்துவிட்டுப் போவது நல்லது. 2006இல் டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு வேலையைத் தொடங்கியது. 42 கிராமங்கள். ஒரு வேன். அதற்குள் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா, கால் நரம்பின் உணர்வைச் சோதிக்கும் கருவி, கால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர், ஈ.சி.ஜி. எடுத்த படங்கள் இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்பில் சென்னைக்குப் போயின. அப்போது கிராமத்தில் ஸ்மார்ட்போன் ஏது, 4ஜி ஏது.

27,014 பெரியவர்களில் 23,449 பேரைப் பரிசோதித்தார்கள். இது வீடு வீடாக உள்ளூர்க்காரர்கள் போய்ப் பேசியதால் வந்த எண்ணிக்கை. வேன் மட்டும் நின்றிருந்தால் வந்திருக்காது. 1,138 பேருக்குச் சர்க்கரை இருந்தது. பரிசோதித்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு கிளம்பவில்லை என்பதுதான் முக்கியம். ஊரிலேயே ஒரு நீரிழிவு மையத்தைக் கட்டி, தொடர் சிகிச்சையை அங்கே வைத்தார்கள். ஓராண்டில் மூன்று மாதச் சர்க்கரை சராசரி 9.3இலிருந்து 8.5க்கு இறங்கியது. மேல்சிகிச்சைக்காகச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தது 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களை. நம் விவசாயியின் கால் புண் சூணாம்பேட்டில் வந்திருந்தால், புண் வருவதற்கு முன்பே, உணர்வு குறைகிறது என்று அந்தக் கருவி சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம்.

மதுரையில் இது தலைகீழாகவே நடக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையின் பயிற்சி நிறுவனம் 1992இல் தொடங்கியதிலிருந்து வெளிநாட்டு மருத்துவக் குழுக்கள் இங்கே வந்து கற்றுப் போகின்றன. 2004 முதல் அரவிந்த் சிற்றூர்களில் 'விஷன் சென்டர்' வைத்தது. அங்கே உள்ள பயிற்சி பெற்ற பெண் கண்ணைப் பரிசோதித்துப் படம் அனுப்ப, தலைமை மருத்துவமனை டாக்டர் நோயாளியோடு வீடியோவில் பேசுவார். கண்ணாடி, சொட்டு மருந்து அங்கேயே. அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர் மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவார், அதுவும் பெயர், பதிவு எல்லாம் முன்பே போய்ச் சேர்ந்த பிறகு.

நெஞ்சு வலிக்கு ஒரு ஈ.சி.ஜி.

கால் புண்ணுக்கு நாள் கணக்கு. மாரடைப்புக்கு நிமிடக் கணக்கு. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நான்கு தொகுப்புகளில் ஒரு பரிசோதனை நடந்தது. கோவையைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று நடத்தினார்கள். சிறிய ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈ.சி.ஜி. உடனே பெரிய ஆஸ்பத்திரியின் இதய நிபுணருக்குப் போகும். அவர் பார்த்துச் சொன்னதும் சிறிய ஆஸ்பத்திரியிலேயே ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. பிறகு ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஏழைகளுக்கு அரசுக் காப்பீடு.

திட்டத்துக்கு முன்னும் பின்னுமாக 2,420 பேரை ஒப்பிட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017இல் அமெரிக்காவின் ஜாமா இதயவியல் இதழில் முடிவு வெளியானது. முன்-பின் ஒப்பீடு என்பதால் எல்லாப் பெருமையையும் திட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் ஈ.சி.ஜி., ஊசி, வண்டி, காப்பீடு இந்த நாலில் எது அறுந்திருந்தாலும் நிபுணர் சென்னையில் ஈ.சி.ஜி.யைப் பார்த்துக் கவலைப்பட மட்டுமே முடிந்திருக்கும். 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணிதான்: ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

மணப்பாறையில் கையில் இருப்பது என்ன?

நிறையவே இருக்கிறது. திருச்சி நகர அரசு மருத்துவமனை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது என்பதால், மாவட்டத் தலைமை மருத்துவமனை மணப்பாறையில்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை, பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை கொண்டுபோகிறது, 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் வாங்கியது. மத்திய அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. 2020இல் மக்கள் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் வசதி வந்தபோது அதை அதிகம் பயன்படுத்திய மாநிலம் தமிழ்நாடு. ஆபா எனும் 14 இலக்க சுகாதார எண்ணும் வந்துவிட்டது. டென்மார்க் செவிலியர் செய்யும் வேலையின் பாதியை நம்மூர்ப் பெண் தன்னார்வலர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். எஸ்டோனியா டாக்டர் அனுப்பும் கேள்வியை அனுப்ப இ-சஞ்சீவனியில் வழி இருக்கிறது.

அதனால் இங்கிருந்து போகிறவர் கருவிகளின் விலைப்பட்டியலை வாங்கிவர வேண்டிய அவசியம் இல்லை. அங்குள்ள செவிலியரிடம் கேட்டுவர வேண்டியது வேறு. மோசமான எண் ஒன்று வந்து, டாக்டர் போனை எடுக்கவில்லை என்றால் அடுத்து யாரைக் கூப்பிடுவீர்கள்? ஞாயிற்றுக்கிழமை யார்? நிபுணர் கொடுத்த பதில் வீட்டுக்குப் போகும் ஆளின் கைக்கு எத்தனை மணி நேரத்தில் வருகிறது? அந்த வேலைக்கு அவருக்குச் சம்பளத்தில் கணக்கு உண்டா? கடைசிக் கேள்வியை எந்தப் பவர்பாயின்ட்டிலும் போட மாட்டார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

அதுவரை மகன் என்ன செய்யலாம்?

2020 மார்ச் 25 அன்று வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்கள் சில உரிமைகளைக் கொடுத்திருக்கின்றன. டாக்டரின் பதிவு எண்ணோடு மருந்துச்சீட்டு தர வேண்டும். ஆலோசனையின் பதிவை டாக்டர் வைத்திருக்க வேண்டும். சில வகை மருந்துகளை முதல் ஆலோசனையில் வீடியோவில் பார்த்தால்தான் எழுதலாம்; போதை மருந்துகளை எழுதவே கூடாது. அப்பா பக்கத்தில் இல்லாமல் மகன் மட்டும் பேசுவதானால் அப்பாவின் முறையான ஒப்புதல் வேண்டும். நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர் நினைத்தால், ஆலோசனையை எந்தக் கட்டத்திலும் நிறுத்தி நேரில் அனுப்பலாம்.

அப்படி அனுப்பும்போது, "எங்க போகணும், எவ்வளவு சீக்கிரம், அங்க என்னன்னு சொல்லணும்?" என்று மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டின் ஒரு படத்தை அப்பாவின் போனில் போட்டுவையுங்கள். அடுத்த தடவை மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். கூடவே, செருப்பைக் கழற்றிக் காலையும்.